மைனாவும் வெண்ணெயும் ஓடிய கணக்கு

ஜனவரி 3

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், மைனா ஆக மூவரும் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலி. மைனாவுக்குப் பின் டயரில் காற்று நிற்கவில்லை. இரண்டையும் கவனித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி சின்னவளும் எப்படி? அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

டிசம்பர் கணக்கு: ஓடியது 294 கிலோமீட்டர். பெட்ரோல் 27 லிட்டர். ஆயில் 200 மில்லி. லிட்டருக்குப் பதினொன்றுகூடக் கிடைக்கவில்லை. மைனாவின் குடி குறையவே மாட்டேன் என்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நேற்று பரண் மேல் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். மெழுகுத்தாளில் சுற்றி, நூல்கூட அவிழ்க்காமல், ஒரு புதுக் கார்புரேட்டர்! அத்தான் எட்டிப் பார்த்து, "அது என்னடி கிண்ணம்?" என்றார். "எஞ்சினுக்குச் சோறு ஊட்டுற கை இது. பெட்ரோலையும் காத்தையும் பிசைஞ்சு ஊட்டும்," என்றேன். தாளின் மேல் அப்பா தன் கையால் எழுதியிருக்கிறார்: "ஒன்றுதான் இருக்கிறது."

நம் மெக்கானிக்கிடம் காட்டினேன். கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். "அம்மா, இந்த மாடலுக்கு இனிமே உலகத்துல தேடினாலும் கிடைக்காது," என்றார். மைனாவுடையதும் தேய்ந்துவிட்டது, உன் வெண்ணெயுடையதும் தேய்ந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு, மருந்து ஒன்று.

முப்பது வருஷம் கம்பெனிக்காக அந்த இரண்டு கார்களையும் ஓட்டி, ஏலத்தில் இரண்டையும் எடுத்து வந்த அப்பா, கடைசியில் நம்மிடம் என்ன சொன்னார்? "ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கங்க. ஆனா மாசம் ஒரு தடவை ரெண்டையும் ஒண்ணா உட்கார வச்சுப் பேசுங்க." பதினோரு வருஷமாக இந்தக் கடிதங்களில்தான் அவை உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றன. அதனால் இதையும் கடிதத்திலேயே தீர்த்துக்கொள்வோம். இந்த வருஷக் கணக்கு முடியட்டும். மைலேஜ், ஆயில், மேடு ஏறும் வேகம் மூன்றிலும் எது நன்றாக இருக்கிறதோ, அதற்குக் கார்புரேட்டர். சம்மதமா?

இறைவன் உன் வீட்டு வாசலில் காவல் இருக்கட்டும்.

அக்கா


ஜனவரி 19

அக்காவுக்குத் தலை வணங்கித் தம்பி எழுதுவது. வணக்கம் உனக்குத்தான், மைனாவுக்கு இல்லை. இங்கே இருவரும் நலம். அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தில் இரண்டு ஒற்றுப் பிழைகள். திருத்திக் கோப்பில் வைத்துவிட்டேன்.

சம்மதம். முழுச் சம்மதம். ஆனால் பாவம் அக்கா, தோற்கப்போகும் பந்தயத்தை நீயே கட்டுகிறாய். வெண்ணெயின் டிசம்பர் கணக்கைப் பார்: 250 கிலோமீட்டர், 20 லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டரை! ஆயில் 100 மில்லி. தபால் ஆபீஸ் மேட்டில் மூன்றாவது கியரை மாற்றாமல் 41 வினாடி. ஒரே வருஷம், ஒரே மாடல், சேஸிஸ் எண்ணில் ஒன்றே ஒன்று வித்தியாசம். இருந்தும் இவள் எங்கே, உன் மைனா எங்கே! ஒரே அச்சில் வார்த்த இரண்டு எழுத்துகளில் ஒன்று கூராகவும் ஒன்று மழுங்கியும் விழுவதை அச்சகத்தில் தினமும் பார்க்கிறேன். அதே கதைதான்.

சின்னவள் பக்கத்தில் நின்றுகொண்டு, "நானும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்கிறாள். "கார் என்ன தையல் மிஷினா, மிதிச்சா ஓட?" என்றேன். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய அன்பையும் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

கார்புரேட்டரைத் துடைத்து வை. வந்து எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு, உன் வாய்க்கொழுப்புக்கு ஒரு குறைவும் இல்லை என்பதால் உடம்பும் நன்றாகவே இருக்கும் என்று நம்புகிறேன். அத்தானுக்கு வலி குறைந்திருக்கிறது. "எனக்குக் காய்ச்சல்னா கை வச்சுப் பார்ப்பா, காருக்குக் காய்ச்சல்னா தெர்மாமீட்டர் வைப்பா," என்று மெக்கானிக்கிடம் புலம்பியிருக்கிறார்.

பிப்ரவரி: 275 கிலோமீட்டர், 25 லிட்டர், ஆயில் 200. நீர்த்தொட்டி மேடு 47 வினாடி. சிரிக்காதே.

மைனாவின் பழைய கார்புரேட்டரை நானே கழற்றிச் சுத்தம் செய்தேன். நாற்பத்தெட்டு வயதில் அகராதியும் கையேடுமாக உட்கார்ந்து கார் படித்தவள் நான். இத்தனை நாள் அதைத் திறக்க மட்டும் தைரியம் வரவில்லை. பிரார்த்தனை செய்துவிட்டு, வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் கழற்றிய வரிசையில் வைத்தேன். உள்ளே ஒரு பித்தளைத் துண்டு. அதில் ஒரு துவாரம். ஊசி நுழையாது தம்பி, தலைமுடிதான் நுழையும். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அந்தத் துளி வழியாகத்தானா நாம் இத்தனை வருஷம் போனோம், வந்தோம்? கல்யாணத்துக்கும் சாவுக்கும் போனது அதன் வழியாகவா?

கையேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று என்றால் ஆறாயிரம் முறை உள்ளே தீப்பற்றி அணைகிறது. நான் ஒரு தடவை "இறைவா" என்று சொல்லி முடிப்பதற்குள் நூறு முறை. அந்த நூறில் ஒன்று தவறினாலும் மைனா இருமுகிறாள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு சாவியைத் திருப்பும்போது கை தானாகக் கும்பிடப் போகிறது.

இன்னொன்று. சின்னவளிடம் அப்படிப் பேசாதே. நானும் தையல் மிஷின் மிதித்த காலால்தான் கிளட்ச் மிதிக்கிறேன்.

என்றும் உன் நலத்தை வேண்டும்

அக்கா


ஏப்ரல் 2

அன்பு அக்காவுக்கு, நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீ எழுதிய அந்தத் துவாரத்தைச் சின்னவளுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். "உங்க அக்கா கார் ஓட்டுறாங்களா, தவம் பண்றாங்களா?" என்றாள்.

மார்ச்: 225 கிலோமீட்டர், 18 லிட்டர். அதே பன்னிரண்டரை. ஆயில் 100. தபால் ஆபீஸ் மேடு 40 வினாடி. ஒரு வினாடி முன்னேற்றம், கவனி.

இடது முன் மட்கார்டில் ஒரு கீறல். வெண்ணெய் மேல் தப்பில்லை. வீட்டுக் கேட்தான் வந்து அவள்மேல் இடித்தது. பதினோரு வருஷமாக நின்ற இடத்திலேயே நின்ற கேட், அன்றைக்கு மட்டும் ஒரு சாண் நகர்ந்து வந்துவிட்டது என்று சின்னவள் கிண்டல் செய்கிறாள். அச்சகத்தில் வேலை அதிகம். அசதிதான்.

தம்பி


ஜூலை 14

அன்பு அக்காவுக்கு, உன் மே மாதக் கடிதமும் ஜூன் மாதக் கடிதமும் வந்தன. பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். நலமாகவே இருக்கிறோம். நீ போன் செய்தபோது நான் வெளியே போயிருந்தேன்.

ஏப்ரலிலும் மே மாதத்திலும் வண்டியை அதிகம் எடுக்கவில்லை. எழுதும்படியாக ஒன்றும் இல்லை.

ஜூன்: 286 கிலோமீட்டர். பெட்ரோல் 26 லிட்டர். ஆயில் 150. மேடு பார்க்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் கார்புரேட்டரை மைனாவுக்கே வைத்துக்கொள்வது நல்லது. அவள்தான் அதிகம் ஓடுகிறாள்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு, இங்கே நலம் என்று எழுதுகிறேன். ஆனால் உன் கடிதம் வந்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

மூன்று மாதம் கழித்து எழுதியவன், பந்தயம் பாதியில் இருக்கும்போது, கேட்காமலே விட்டுக்கொடுக்கிறாய். சின்ன வயதில் ஜன்னலோரத்து இடத்தைக்கூட எனக்கு விட்டுக்கொடுக்காத ஆள் நீ. என்ன ஆச்சு?

உன் எழுத்தையும் பார்த்தேன். வரி ஓரத்தில் நாலைந்து சொற்களுக்குக் கடைசி எழுத்தே இல்லை. தாளைத் தாண்டி மேஜையில் எழுதியிருப்பாய் போல. ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவனுக்குத் தாளின் ஓரம் தெரியாதா?

அப்புறம் வெண்ணெய். 286க்கு 26 என்றால் லிட்டருக்குப் பதினொன்று. பன்னிரண்டரை கொடுத்தவள் மூன்றே மாதத்தில் மைனா மாதிரி குடிக்க ஆரம்பித்துவிட்டாளா? காற்று வடிகட்டியைப் பார். பிரேக் பிடித்தபடி நிற்கிறதா என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார். இதையெல்லாம் நான் உனக்குச் சொல்வது தலைகீழ்ப் பாடம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

மைனாவின் ஜூலை: 280, 25 லிட்டர், 200 மில்லி.

தினமும் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே இருப்பவரிடம்.

அக்கா


செப்டம்பர் 8

அன்பு அக்காவுக்கு, வடிகட்டி சுத்தமாக இருக்கிறது. சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. வயதாகிறது அவளுக்கு, அவ்வளவுதான். வீண் கவலை வேண்டாம்.

ஜூலை: 301 கிலோமீட்டர், 28 லிட்டர், ஆயில் 200.

ஆகஸ்ட்: 312 கிலோமீட்டர், 29 லிட்டர், ஆயில் 900.

சின்னவள் சுகம். நானும்.

தம்பி


செப்டம்பர் 20

தம்பி,

உன் கடிதம் வந்ததும் வழக்கம்போல என் நோட்டில் ஏற்றினேன். ஆயில் 900 என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. அந்த எண்ணை நான் இதற்கு முன்னாலும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரே தடவை.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆகஸ்ட். மைனாவுக்கு ஆயில் ஊற்றும்போது என் முழங்கை பட்டு டப்பா சரிந்தது. அரை லிட்டருக்கு மேல் தரையில் ஓடிவிட்டது. டப்பாவில் குறைந்தது 900 என்பதால் கணக்கில் 900 என்றே எழுதினேன். உனக்கும் அப்படியே எழுதினேன். கொட்டியதைச் சொல்ல வெட்கம். என் நோட்டின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் "பாதிக்கு மேல் தரை குடித்தது" என்று சின்னதாக எழுதி வைத்தேன்.

அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த ஆகஸ்ட்: 312, 29, 900. அந்த ஜூலை: 301, 28, 200. அந்த ஜூன்: 286, 26, 150.

என் தரை குடித்த எண்ணெயை உன் வெண்ணெய் எப்படிக் குடித்தாள், தம்பி?

நான் திட்டுவதற்காக எழுதவில்லை. அந்தப் பிழையைத் திருத்த எத்தனையோ நாள் ரப்பரை எடுத்திருக்கிறேன். ஏதோ ஒன்று தடுத்துக்கொண்டே இருந்தது. இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. நீ மறைந்துகொண்ட இடத்தை எனக்குக் காட்டத்தான் அது அழியாமல் இருந்திருக்கிறது.

வெண்ணெயை விற்றுவிட்டாயா? விற்றிருந்தாலும் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய், அதை மட்டும் எழுது.

அக்கா


அக்டோபர் 12

அக்கா,

விற்கவில்லை. கொட்டகையில் துணி போர்த்தி நிற்கிறாள். மே மாதத்திலிருந்து சாவி சின்னவளின் தையல் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு புதன்கிழமை காலை, தபால் ஆபீஸ் திருப்பம். இடது பக்கத்திலிருந்து ரொட்டிக்காரர் சைக்கிளில் வந்திருக்கிறார். அவருடைய ரொட்டிப் பெட்டியின் மூடி என் முன்னால் சாலையில் உருண்டபோதுதான் அங்கே ஒரு மனிதர் இருந்தார் என்பதே எனக்குத் தெரிந்தது. கடவுள் புண்ணியம், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து உட்கார்ந்து, "சார், நான் மணி அடிச்சேனே!" என்றார். "கேட்டுச்சுய்யா. எங்க இருக்கீங்கன்னுதான் பார்க்கலை," என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து அவரே என்னைக் காரில் உட்கார வைத்தார்.

டாக்டர் சொன்னது: "நேரே பார்க்கிற பார்வை இருக்கு. ரெண்டு பக்கமும் போயிடுச்சு. போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். வண்டி மட்டும் வேண்டாம்." அதனால் எழுத்து எழுத்தாக மெய்ப்புப் பார்க்க முடிகிறது. தாளின் ஓரம்தான் தெரிவதில்லை. வீட்டுக் கேட்டும் அன்றைக்கு நகரவில்லை அக்கா.

சின்னவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன், உன்னிடம் சொல்லக் கூடாது என்று. அவளைக் கோபிக்காதே. சொன்னால் நீ மைனாவைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவாய். பிறகு என் கண்ணைப் பற்றி மட்டும்தான் கேட்பாய். மாதம் ஒரு கடிதத்திலாவது நான் காரோட்டியாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன்.

ஏன் உன் எண்கள் என்று கேட்பாய். என் பழைய எண்களைப் போட்டால் கண்டுபிடித்துவிடுவாய். உன்னுடையதை நீயே சந்தேகப்பட மாட்டாய் என்று கணக்குப் போட்டேன். இட்டுக்கட்டி எழுதவும் பார்த்தேன், கை வரவில்லை. எங்கேயோ ஒரு கார் நிஜமாக ஓடிய தூரமாவது இருக்கட்டும் என்றுதான் உன் பழைய கடிதக் கோப்பை எடுத்தேன். ஆயிரம் பிழைகளைப் பிடித்தவன், உன் ஒரே பிழையை நகல் எடுத்து உனக்கே அனுப்பியிருக்கிறேன்.

கார்புரேட்டர் மைனாவுக்குத்தான். பந்தயம் முடிந்தது.

தம்பி


அக்டோபர் 20

தம்பி,

முடியவில்லை. பதினோரு வருஷமாக நாம் ஒப்பிட்ட விதமே தப்பு. வேறு வேறு ஆள், வேறு வேறு சாலை. ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே பங்க் பெட்ரோல், அடுத்தடுத்த நாள், அப்படி ஓட்டினால்தான் அது ஒப்பீடு.

நவம்பர் 6 சனிக்கிழமை மைனாவில் புறப்படுகிறேன். 412 கிலோமீட்டர், நடுவில் மலை. அத்தானும் வருகிறார். "கீழே உருண்டா ரெண்டு பேரும் சேர்ந்தே உருளுவோம், சாட்சி சொல்ல ஆள் மிஞ்சாது," என்கிறார். வெண்ணெயின் பழைய பெட்ரோலை வடித்துவிட்டு பேட்டரியை சார்ஜில் போடச் சொல். கார்புரேட்டரும் வருகிறது.

உன் கண்ணைப் பற்றி நேரில் ஒரே ஒரு தடவை கேட்பேன். பிறகு கேட்க மாட்டேன்.

அக்கா


நவம்பர் 29

அன்புத் தம்பிக்கு, நாங்கள் மூவரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அத்தான் இறங்கியதும் தரையைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு நாளாகத் தெருவில் போகிறவர்களை நிறுத்தி மலை ஏறிய கதையைச் சொல்கிறார். கதையில் பாதி வழி அவரே ஓட்டுகிறார். சின்னவளின் கை இருமல் சரியாயிற்றா? கை என்று எழுதிவிட்டேன், அடித்துவிட்டுப் படி. பிழை இல்லாமல் கடிதம் போட்டால் உனக்குத் தூக்கம் வராது.

சோதனைக் கணக்கை உன் கோப்புக்காக முறையாக எழுதுகிறேன். உன் வீட்டிலிருந்து மலை உச்சி வரை போய்த் திரும்ப 92 கிலோமீட்டர். நான்கு பேர் பாரம். ஓட்டியது நான். நீ பக்கத்து சீட்டில், வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

செவ்வாய், வெண்ணெய். ஆறு மாதம் அசையாமல் நின்றவள். நான் சாவியைத் திருப்பினேன், ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு தும்மல், ஒரு குலுக்கல், பிடித்துவிட்டாள்! கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. நீ பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றாய். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பெட்ரோல் 8.2 லிட்டர்.

புதன், மைனா. அதே சாலை. பெட்ரோல் 8.3 லிட்டர்.

தம்பி, அந்தப் பெட்ரோல் பங்கில் நான் நின்ற நிலையை நீ பார்த்திருக்க மாட்டாய். உனக்கு வலது பக்கத்தில் நின்றேன். இரண்டு தடவை மீட்டரைப் பார்த்தேன். ஒரு டம்ளர் வித்தியாசம். ஒரே ஒரு டம்ளர்! லிட்டருக்கு இருவருமே பதினொன்றைச் சுற்றித்தான். அப்படியானால் பதினோரு வருஷமாக உன் கடிதங்களில் வந்த அந்தப் பன்னிரண்டரை எங்கே போயிற்று?

அது வெண்ணெயிடம் இருந்ததே இல்லை. அது உன் காலில் இருந்தது.

இதை நான் சத்தமாகச் சொன்னபோது நீ சிரித்து மழுப்பினாய். "ஆறுதல் சொல்லாதே அக்கா," என்றாய். ஆறுதல் சொல்ல நான் ஏன் 412 கிலோமீட்டர் வர வேண்டும், தபால்தலை போதாதா? எண் அது. அதனால்தான் வியாழக்கிழமை மறுபடியும் மைனாவை எடுத்து, உன்னைப் பேசவும் அனுமதித்தேன்.

அந்த வியாழக்கிழமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாய். முதல் வளைவிலேயே, "காலை எடு, அவளே ஏறுவா," என்றாய். எடுத்தேன், ஏறினாள். "இப்ப கியர் மாத்தாதே, கெஞ்சுறா, ஆனா முடியும்." முடிந்தது. "முன்னாடி லாரி மூச்சு வாங்குது, நெருங்காதே." அப்போது எனக்கு லாரியே தெரியவில்லை, அடுத்த வளைவைத் தாண்டித்தான் தெரிந்தது. பின் சீட்டில் அத்தான், "இவன் கார் ஓட்டுறானா, காருக்கு நாடி பிடிக்கிறானா?" என்றார். சின்னவள் உன்னைப் பார்க்கவில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உச்சியில் நிறுத்தினோம். மேகம் நமக்குக் கீழே கிடந்தது. எஞ்சினை அணைத்ததும் அந்த அமைதியில் மைனாவின் இரும்பு டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. நீ அதையும் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் கைகூப்பி நின்றேன். என்ன வேண்டினேன் என்று கேட்டாயே, ஒன்றும் வேண்டவில்லை. ஒரு மயிரிழைத் துவாரம் நான்கு பேரை மேகத்துக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பக்கம் தெரியாத ஒருவன் காதாலேயே மலையைப் பார்த்திருக்கிறான். இதற்கு மேல் என்ன கேட்பது?

அன்றைய பெட்ரோல் 7.4 லிட்டர். லிட்டருக்குப் பன்னிரண்டரைக்கு ஒரு நூல் குறைவு. என் மைனா! என் கால்! உன் காது!

ஆகவே தீர்ப்பு. இரண்டு கார்களும் சமம். மைனாவுக்குத் தேவைப்பட்டது புதுக் கார்புரேட்டர் இல்லை, லேசான கால். திரும்பும் வழியெல்லாம் நீ சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு கிடைத்தது. வெண்ணெய்க்குத்தான் மருந்து வேண்டும். மூன்று தடவை திருப்பினால் பிடிக்கிற வண்டி புதிதாகப் பழகுகிறவளுக்கு ஆகாது. யார் பழகுகிறவள் என்று கேட்காதே. கிளம்பும் நாள் காலையில் நீ குளிக்கப் போனபோது கார்புரேட்டரைப் பொருத்தியது நான். திருகுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தது அவள்.

சாவி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது உன்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

டிசம்பர் கணக்குக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 2

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும் மைனாவுக்கும். இங்கே மூவரும் நலம். சொட்டு மருந்து இரண்டு வேளை தவறுவதில்லை. இருமல் போய்விட்டது. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுகிறாள், அதனால் ஓரம் ஒழுங்காக இருக்கும். பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல.

(பிழை இருந்தால் அவரே பார்த்துத் திருத்தட்டும் அண்ணி. இது நான்.)

வெண்ணெயின் டிசம்பர் கணக்கு.

ஸ்டார்ட்: முதல் திருப்பிலேயே.

ஓடிய தூரம்: நான்கு கிலோமீட்டர். இதில் முக்கால் கிலோமீட்டர் பின்பக்கமாக.

பெட்ரோல்: ஒரு லிட்டர். தெரியும், தெரியும். லிட்டருக்கு நான்கு. போகப்போகக் கால் பழகும் என்று நீதான் சொன்னாய்.

தபால் ஆபீஸ் மேடு: பாதி வரை ஏறி நின்றுவிட்டது. ரொட்டிக்காரர் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு வந்து தள்ளினார். "சார், இப்ப நான் வண்டிக்குப் பின்னாடி இருக்கேன், தெரியுதா?" என்றார். சிரித்துச் சிரித்துச் சின்னவள் மறுபடியும் அணைத்துவிட்டாள்.

கேட்: நகரவில்லை. ஒரு தடவை இடித்தோம்.

ஓட்டியவர்: சின்னவள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்: நான்.

ஆயில்: 500 மில்லி. இதில் 300 தரை குடித்தது.

எல்லா எண்களும் எங்களுடையவை.

தம்பி